மாமா கேட்ட தாய்லாந்து ரொட்டி

விக்கிரமசிங்கபுரம்
28 நவம்பர் 2024

பிருந்தாவுக்கு,

உன் அண்ணன் மனைவி சித்ரலேகா எழுதுவது. என் நம்பரை நீ போனில் தடுத்து வைத்திருக்கிறாய், அதனால் தபால். போன வருஷம் மாமாவுக்குச் சால்வை அனுப்பினாயே, அந்தப் பெட்டியின் மேலட்டையிலிருந்து சியாங் மாய் விலாசத்தை எடுத்தேன். நாம் பேசி இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகிறது. இதைச் சமாதானக் கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு காரியமாக எழுதுகிறேன்.

அக்டோபரில் மாமாவுக்குக் காய்ச்சல் வந்ததும் பன்னிரண்டு நாளில் விட்டதும் உனக்குத் தெரியும். காய்ச்சலோடு நாக்கின் ருசியும் போய்விட்டது உனக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது "வயிறாரச் சாப்பிடுதேன் தாயி" என்று உன்னிடம் சொல்வார். எதிரே நான் வைத்த தட்டு அப்படியே இருக்கும். எதைத் தின்றாலும் நனைந்த அட்டையை மெல்லுவதுபோல் இருக்கிறதாம். ஐம்பத்தெட்டுக் கிலோ இருந்தவர் போன வாரம் அம்பாசமுத்திரத்தில் டாக்டர் நிறுத்துப் பார்த்தபோது ஐம்பது. ருசி மெல்லத் திரும்பும், அதுவரை வாய்க்குப் பிடித்ததைக் கொடுங்கள் என்றார் டாக்டர். மாமாவின் வாய் ஒரு மாதமாக எதையும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவராகவே கேட்டார். "பிருந்தா அன்னைக்கு ஒரு ரொட்டி செஞ்சாள்லா, உள்ளங்கை அகலத்துல. மேல செவப்பா ஒரு சாந்து தடவி, சீஸு போட்டு. அது இருந்தா ஒண்ணு திங்கலாம் போல இருக்கு."

கையில் கரண்டியோடு நின்றுவிட்டேன். அது எந்த நாள் என்று உனக்கும் எனக்கும் தெரியும். நம் சைவ அடுப்படியில் மீன் படம் போட்ட பாட்டிலை நான் பார்த்த நாள். அதைப் பற்றி எழுத இப்போது எனக்கு மனமில்லை. செய்முறை வேண்டும், அந்த மீன் தண்ணீர் இல்லாமல்.

அடியில் இருந்தது பீட்சாவா, பன்னா? அந்தச் சிவப்புச் சாந்தில் என்னென்ன சேரும்? மேலே ஒரு இலை போட்டிருந்தாய், துளசி மாதிரி இருந்தது, துளசி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வாசனை வந்தது. எலுமிச்சை போல, ஆனால் எலுமிச்சை இல்லை. அது என்னவாக இருக்கும் என்று இத்தனை நாளும் இடையிடையே யோசித்திருக்கிறேன். கேட்க ஆள் இல்லை.

உன் அண்ணனிடமும் மாமாவிடமும் நான் எழுதியதைச் சொல்லாதே.

சித்ரலேகா


சியாங் மாய்
14 டிசம்பர் 2024

மைனிக்கு,

கடிதம் கிடைத்தது. அப்பா என்னிடம் பொய் சொல்கிறார் என்பதை உங்கள் மூலமாகத் தெரிந்துகொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தெரிவித்தீர்கள்.

அந்த ரொட்டிக்குப் பெயர் கிடையாது. இந்த ஊர்க்காரர்களும் அதைச் செய்வதில்லை. நான் கணக்கு எடுக்கிற பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை மத்தியானம் பீட்சா போடுவார்கள். உப்பும் இருக்காது, உறைப்பும் இருக்காது. பக்கத்து வீட்டு நொய் அம்மாள் வாட்டிய கோழிக்குத் தொட்டுக்கொள்ள ஒரு நிலக்கடலைச் சாந்து அரைப்பார். ஒருநாள் மிச்சமிருந்த பீட்சாவில் அதைத் தடவித் தின்றேன். அப்படி ஆரம்பித்தது.

அடி: கால் கிலோ மைதா, ஒரு சின்னக் கரண்டி ஈஸ்ட், கொஞ்சம் சர்க்கரை, உப்பு, வெதுவெதுப்பான தண்ணீர். பிசைந்து ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். பூரி அளவுக்குத் தட்டினால் போதும், கனமாக இருக்க வேண்டும்.

சாந்து: காய்ந்த மிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம். இவற்றோடு மூன்று சரக்குகள். ஒன்று, இஞ்சியின் உறவுக்காரக் கிழங்கு, இங்கே 'கா' என்பார்கள். இரண்டாவது ஒரு புல், தண்டை மட்டும் எடுக்க வேண்டும். நீங்கள் கேட்ட எலுமிச்சை வாசனை பாதி இதிலிருந்து வந்தது. மீதிப் பாதி ஒரு எலுமிச்சை மர இலையிலிருந்து. எல்லாவற்றையும் அரைத்துத் தேங்காய்ப்பாலில் கொதிக்கவிட்டு, வறுத்துப் பொடித்த நிலக்கடலை, புளி, பனைவெல்லம் சேர்த்துச் சுண்டவைக்க வேண்டும். மேலே சீஸ், பிறகு அந்தத் துளசி மாதிரி இலை.

மூன்று சரக்கும் இலையும் அங்கே கிடைக்காது. நான் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். மீன் தண்ணீருக்குப் பதில் உப்புப் போட்டுக்கொள்ளுங்கள். அதே ருசி வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா சாப்பிட்டாரா என்று எழுதுங்கள்.

பிருந்தா


விக்கிரமசிங்கபுரம்
6 ஜனவரி 2025

பிருந்தாவுக்கு,

எல்லாம் கிடைக்கிறது.

நீ எழுதிய கிழங்கைத் தேடி அம்பாசமுத்திரம் நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். இஞ்சி மாதிரி இருக்கும், இஞ்சி இல்லை, வாசனை தூக்கலாக இருக்கும் என்று சொன்னேன். கடைக்காரர் செல்வமணி அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. டப்பாவைத் திறந்து ஒரு துண்டை உடைத்து என் மூக்கருகே நீட்டினார். சித்தரத்தை! இருமலுக்கு நாம் பாலில் தட்டிப் போடுகிற அதே சித்தரத்தை. "யாருக்கும்மா சளி?" என்றார். ரொட்டிக்கு என்றேன். பொட்டலத்தைக் கட்டியபடி என்னையே பார்த்தார்.

புல்லுக்குத்தான் அலைந்தேன். மூன்றாவது தெருவில் இருக்கிற ஆபிதா பீவியை உனக்கு நினைவிருக்கும், தையல் மெஷின் வைத்திருக்கிறார். அவர் வீட்டுக்காரர் மலேசியாவில் இருந்துவிட்டு வந்தவர். கேட்டுப் பார்ப்போம் என்று போனேன். நான் பாதி சொல்லும்போதே பின்பக்கம் கூட்டிப்போனார். துவைக்கிற கல் ஓரமாகப் புதர் மாதிரி நிற்கிறது. "அங்கன இதைச் செராய்னு சொல்லுவாக, குழம்புல போடுவாக. இங்கன நான் கொசுவுக்கு வச்சிருக்கேன்" என்றார். தண்டைக் கசக்கி முகர்ந்தேன். அன்று அடுப்படியில் வந்த வாசனை அப்படியே வந்தது. கொஞ்ச நேரம் அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இலைக்கு நார்த்தை இலையை எடுத்துக்கொண்டேன். வேப்பிலைக்கட்டிக்கு இதே இலையின் நடு நரம்பை உரித்துவிட்டு இடிப்போமே, அப்படி உரித்துப் போட்டேன். துளசி மாதிரி இலை, நம் திருநீற்றுப்பச்சிலைதான். பாபநாசம் கோயிலுக்குப் போனபோது படித்துறைப் பூக்காரியிடம் பார்த்தேன். ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டதும் தெரிந்துவிட்டது. பனைவெல்லத்துக்கு உடன்குடிக் கருப்பட்டி வீட்டிலேயே இருக்கிறது. ஈஸ்ட் பேக்கரியில் கேட்டு வாங்கினேன். நீ பெட்டி கட்டித் தூக்கி வந்ததெல்லாம் இங்கே மருந்தாகவும் பூசைக்கும் கொசுவுக்கும் கிடக்கிறது. அங்கே இவற்றைச் சோற்றுக்குச் சேர்க்கலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியிருக்கும்? நமக்கு ஏன் தோன்றவில்லை?

இனி தோல்வியையும் சொல்கிறேன். ஓவன் இல்லாததால் குக்கரில் கல்லுப்பைப் பரப்பி, மேலே தட்டை வைத்து மூடிச் சுட்டேன். அடி கருகியது, சீஸ் உருகவே இல்லை. சித்தரத்தையை ஒரு விரல் நீளம் போட்டுவிட்டேன். மாமா ஒரு கடி கடித்தார். "இருமல் மருந்த ரொட்டியில தடவிருக்கியோ" என்று சிரித்தார். அக்டோபருக்குப் பிறகு இப்போதுதான் சிரித்தார். பாதி ரொட்டி தின்றார். மீதியை வைத்துவிட்டார்.

அங்கே கிழங்கு பச்சையாகக் கிடைக்குமா? நொய் அம்மாள் அம்மியில் அரைப்பாரா, மிக்ஸியிலா? எவ்வளவு போடுவார்? கேட்டு எழுது.

சித்ரலேகா


சியாங் மாய்
21 ஜனவரி 2025

மைனிக்கு,

உங்கள் கடிதத்தை நொய் அம்மாளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். ஆபிதா பீவி புல்லைக் கொசுவுக்கு வைத்திருக்கிறார் என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி மறுபடி கேட்டார். பிறகு தன் வீட்டுப் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். இவரும் கொசுவுக்கும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறாராம்.

பள்ளி முடிந்ததும் சந்தைக்குப் போய் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்தேன். பதினோரு வருஷமாக வாங்குகிறேன். ஒன்றின் தமிழ்ப் பெயரும் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. சித்தரத்தையைச் சின்ன வயதில் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கிழங்குதான் அது என்று மூக்குக்குக்கூடத் தெரியவில்லை, பாருங்கள்.

இங்கே கிழங்கு பச்சையாக, ரோஸ் நிறத்தில் பெரிதாக இருக்கும். உங்கள் ஊர்ச் சித்தரத்தை அதன் தங்கை, காரம் அதிகம் என்கிறார் நொய் அம்மாள். விரலில் கால் பங்கு நீளம் போதும். வெந்நீரில் ஊறப்போட்டு இடியுங்கள். அவர் கல் உரலில்தான் இடிப்பார். முதலில் மிளகாயும் உப்பும், பிறகு கடினமானது, கடைசியில் ஈரமானது. சீஸ் உருக, ரொட்டியை முதலில் தோசைக்கல்லில் ஒரு பக்கம் சுட்டு, திருப்பிப் போட்டு, சுட்ட பக்கத்தில் சாந்து தடவி, சீஸ் தூவி மூடுங்கள். குக்கர் வேண்டாம்.

அப்பா சிரித்தார் என்று எழுதியிருந்தீர்கள். அதை இரண்டு முறை வாசித்தேன்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. அன்று பாட்டிலைக் குப்பையில் போட்டீர்கள், சரி. நான் அதில் சமைத்தேன் என்பதற்காக அந்த இரும்பு வாணலியைக் கொண்டுபோய் வாய்க்காலில் எறிந்தீர்களே, அது அம்மா வாணலி. தேய்த்தால் போகாதா?

பிருந்தா


விக்கிரமசிங்கபுரம்
9 பிப்ரவரி 2025

பிருந்தாவுக்கு,

தோசைக்கல் உபாயம் பலித்தது. சீஸ் இழுத்தால் நூலாக வருகிறது. மாமா போன வாரம் ஒன்று, நேற்று இரண்டு தின்றார். சாப்பிட்டுவிட்டு உதட்டை நக்கிக்கொள்கிறார். ருசி தெரிகிறதா என்றால், "தூரத்துல யாரோ பேசுத மாதிரி இருக்கு" என்கிறார். ஆனால் ஒவ்வொரு தடவையும் "என்னமோ ஒண்ணு குறையுது" என்று சொல்லிவிடுகிறார். சோயா சாஸ் விட்டுப் பார்த்தேன். உப்பு நார்த்தங்காய் ஊறிய நீரை விட்டுப் பார்த்தேன். காளானை வறுத்து இடித்துப் போட்டேன். தலையை ஆட்டுகிறார். அந்த மீன் தண்ணீரை எப்படிச் செய்கிறார்கள்? மீனையும் உப்பையும் ஜாடியில் போட்டு வருஷக்கணக்கில் வைப்பார்கள் என்று எங்கோ படித்தேன். ஊறுகாய் மாதிரிதானா? நாறாதா? இதை நான் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிறேன், வேறொன்றுக்கும் இல்லை.

வாணலியைப் பற்றிக் கேட்டாய். எறிந்தது நான்தான். கார் பருவத்துக்கு அணை திறந்து வாய்க்கால் கரைபுரண்டு ஓடிய நேரம். மறுநாள் காலையில் மதகு வரைக்கும் நடந்து போய்த் தேடினேன். சேற்றில் இறங்கித் துழாவினேன். கிடைக்கவில்லை. அத்தையின் வாணலி என்று எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷம் அதில் நான்தான் வதக்கினேன். கையில் எடுத்தபோது அது நினைவில் இல்லை. அது தப்பு.

ஆனால் நான் மீனுக்காக மட்டும் எறிந்தேன் என்று நினைக்கிறாய். பாட்டிலைப் பார்த்ததும் கத்தினேன், ஒத்துக்கொள்கிறேன். அதற்கு நீ ஒரு பதில் சொன்னாய். "இந்த அடுப்படியை விட்டா உங்களுக்கு வேற என்ன இருக்கு மைனி?" என்றாய். வாசலில் உன் அண்ணன் நின்றார், மாமா நாற்காலியில் இருந்தார். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம்தான் வாணலியை எடுத்தேன்.

உனக்கு அது நினைவிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் நினைவு வரும்.

சித்ரலேகா


சியாங் மாய்
22 பிப்ரவரி 2025

மைனி,

நினைவிருக்கிறது. மறுநாள் ரயிலில் ஏறி மதுரை வரும்வரை அந்த வாக்கியம்தான் காதில் இருந்தது. நீங்கள் திருப்பித் திட்டியிருந்தால் மறந்திருப்பேன். நீங்கள் அடுப்பை அணைத்துவிட்டு வாணலியை எடுத்தீர்கள்.

காரணம் என்று சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். கொரோனாவால் மூன்று வருஷம் வர முடியாமல் இருந்து வந்திருந்தேன். அம்மா சாவுக்கே வர முடியாமல் போனில் பார்த்தவள். வீட்டுக்குள் வந்ததும் கால் தானாக அடுப்படிக்குப் போனது. சீனி டப்பா எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எடுத்துக் கொடுத்தீர்கள், விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல். அன்றைக்கு நானாக ஏதாவது சமைத்தே ஆக வேண்டும் என்று தோன்றியது. பாட்டிலைப் பற்றி முதலில் உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

நான் சொன்னது பொய். உங்களுக்கு வலிக்க வேண்டும் என்று தேடி எடுத்த பொய். மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் தபாலிலேயே எழுதுவோமா? போனில் நம் இரண்டு பேருக்கும் வாய் நீளம்.

நீங்கள் கேட்டது: ஆமாம், ஊறுகாய் மாதிரிதான். சின்ன மீனும் உப்பும் ஜாடியில், ஒரு வருஷம், ஒன்றரை வருஷம். அடியில் தேன் நிறத்தில் இறங்கும். ஜாடியைத் திறந்தால் நாறும். சமைத்தால் நாற்றம் எங்கே போகிறது என்று எனக்கும் தெரியாது. நொய் அம்மாளுக்கும் தெரியவில்லை.

பிருந்தா


விக்கிரமசிங்கபுரம்
11 மார்ச் 2025

அன்புள்ள பிருந்தா,

என்ன குறைகிறது என்று தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை மூன்று ரொட்டி சுட்டு மாமா முன்னால் வைத்தேன். முதல் கடியிலேயே தலையை ஆட்டினார். எனக்கு அலுத்துப்போயிற்று. குறைவது எது என்று சொன்னால்தானே போட முடியும் என்று கேட்டேன். வாசல் பக்கம் பார்த்தார். உன் அண்ணன் கடைக்குப் போயிருந்தார்.

"மீனு" என்றார்.

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

"அன்னைக்கே மொதக் கடியில தெரிஞ்சுது லேகா. நெத்திலி வாசனை எனக்குத் தெரியாதா?"

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார். மில்லில் முப்பத்தொரு வருஷமும் நேசையா அண்ணாச்சியும் இவரும் ஒரே செக்‌ஷன் அல்லவா? மத்தியானச் சாப்பாட்டில் கேரியரை மாற்றிக்கொள்வார்களாம். நேசையா அண்ணாச்சிக்கு நம் வீட்டுப் புளியோதரையும் கூட்டாஞ்சோறும் பிடிக்கும். மாமாவுக்கு அவர் மனைவி ஜெபராணி அக்கா வைத்த நெத்திலிக் குழம்பு. சாயந்திரம் வீட்டுக்கு வருமுன் வாய் கொப்பளித்து, வெற்றிலை போட்டுக்கொண்டு வருவாராம். அத்தைக்குக் கடைசி வரை தெரியாது. ஓய்வு பெற்றதோடு அதுவும் நின்றது. அன்று நீ செய்த ரொட்டியில் அது மறுபடி வந்ததாம். அதனால்தான் ஒன்றுக்கு மூன்றாகத் தின்றிருக்கிறார்.

நாங்கள் இரண்டு பேரும் அப்படி அடித்துக்கொண்டபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா, தனக்கு ஆட்சேபமில்லை என்றாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"பயமா இருந்துச்சு" என்றார். "உன்கிட்டதான். சோறு போடுதவ நீ. நீ முகத்தச் சுளிச்சிட்டா நான் எங்கன போவேன்?"

பிருந்தா, என்னைப் பார்த்துப் பயப்படுகிற ஒருத்தர் இந்த வீட்டில் இருப்பது எனக்குத் தெரியாது. நான்தான் எல்லாருக்கும் பயந்து நடப்பதாக நினைத்திருந்தேன். அன்று முழுக்க அவரோடு சரியாகப் பேசவில்லை. கோபம் பாதி. மீதி என்னவென்று தெரியவில்லை. தட்டை வைக்கும்போது அவர் என் முகத்தைப் பார்ப்பதை முதல் தடவையாகக் கவனித்தேன். எத்தனை வருஷமாக இப்படிப் பார்க்கிறாரோ.

மறுநாள் ஜெபராணி அக்கா வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கேரியர் மாறுவது அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியுமாம். 'குமரகுருபரன் அண்ணாச்சி' என்று அவர் சொல்லும் மாமாவுக்கு முள் சிக்கிவிடக் கூடாது என்று நெத்திலியை ஆய்ந்து, நடுமுள்ளை எடுத்துவிட்டு வைப்பாராம். யாருக்காக என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. முப்பத்தொரு வருஷம்.

நான் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அடுப்படிக்குள் வேண்டாம். சாமி படம் அங்கேதான் இருக்கிறது, என்னால் முடியாது. பின்வாசலுக்கு வெளியே, தாழ்வாரத்தில் ஒரு கரண்ட் அடுப்பு வைத்துக்கொள்ளலாம். தோசைக்கல், கரண்டி, தட்டு எல்லாம் தனி. உன் அண்ணனிடம் நானே சொல்லிவிட்டேன். அவர் அரை நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு அடுப்புக்கு ஒயர் இழுத்தது அவர்தான்.

நான் அதைத் தின்பேன் என்று எதிர்பார்க்காதே. சுட்டுக் கொடுப்பேன்.

உன் மைனி
சித்ரலேகா


சியாங் மாய்
25 மார்ச் 2025

அன்புள்ள மைனி,

கடிதத்தைப் பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் வைத்து வாசித்தேன். முதலில் சிரித்தேன். பக்கத்து நாற்காலிக்காரி திரும்பிப் பார்க்கும்போது அழுதுகொண்டிருந்தேன். அவளுக்கு என்ன சொல்வது? எங்கள் அப்பா முப்பத்தொரு வருஷம் திருட்டு மீன் தின்றார் என்றா?

ஞாயிற்றுக்கிழமை போனில் நேராகக் கேட்டேன். "சிக்னல் சரியா இல்ல தாயி" என்று வைத்துவிட்டார். ஐந்து நிமிஷம் கழித்து அவராகக் கூப்பிட்டார். அன்னைக்கு வாய் திறக்காதது தன் பிசகு என்றார். அப்பா என்னிடம் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

அப்பா மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இரண்டு வருஷத்தை அவர் எடுத்துக்கொண்டார். ஆனால் 'நான் எங்கன போவேன்' என்று சொன்னவரிடம் எப்படிக் கோபத்தைக் காட்டுவது?

இங்கே ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறை. பன்னிரண்டாம் தேதி காலை வீட்டில் இருப்பேன். பத்து நாள். இந்த முறை கேட்டுவிட்டுச் செய்கிறேன்: பாட்டிலைக் கொண்டுவரலாமா? வேண்டாம் என்றால் வேண்டாம். ஒரு மெசேஜ் அனுப்பினால் போதும்.

நொய் அம்மாள் உங்களுக்குக் கல் உரல் ஒன்று கொடுத்தனுப்ப நிற்கிறார். எட்டுக் கிலோ இருக்கும். விமானத்தில் முடியாது என்று சொன்னால் கேட்கவில்லை.

பிருந்தா


விக்கிரமசிங்கபுரம்
22 ஜூன் 2025

அன்புள்ள பிருந்தா,

நீ வந்து போய் இரண்டு மாதம் ஆகிறது. நாம் பத்து நாளும் தாழ்வாரத்தில் தோளோடு தோள் நின்று ரொட்டி சுட்டோம். மைதாவையும் மிளகாயையும் தவிர வேறெதுவும் பேசவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. உனக்கு எப்படி என்று தெரியாது. நேரில் வராத பேச்சு எனக்குக் காகிதத்தில் வருகிறது.

மாமா இப்போது ஐம்பத்தைந்து கிலோ. ருசி முக்கால்வாசி வந்துவிட்டது. ரசத்தில் உப்புக் குறைவு என்று முந்தாநாள் சொன்னார். உன் அண்ணன் ஆச்சரியப்பட்டார். குறை சொன்னதை விட, அதை என் முகத்துக்கு நேரே சொன்னதுதான் எனக்கு விசேஷம். சனிக்கிழமை தோறும் நேசையா அண்ணாச்சி வருகிறார். தாழ்வாரத்தில் ஸ்டூல் போட்டு இரண்டு பேரும் உட்கார்ந்து ஆளுக்கு மூன்று தின்கிறார்கள். "ஏலே குமரா, எல்லாம் சரி, இந்தச் சீஸு எதுக்குலே?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்கிறார். கேட்டுவிட்டு அதையும் தின்கிறார்.

உன்னிடம் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். நீ கிளம்பின மறுநாள் தாழ்வாரத்தைக் கழுவிவிடப் போனேன். பாட்டில் அலமாரியில் இருந்தது. வீட்டில் யாரும் இல்லை. மூடியைத் திறந்து விரல் நுனியில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டேன். அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ. பிறகு நாக்கில் வைத்தேன்.

உப்பு. அதற்குப் பின்னால் இன்னொன்று வந்தது. புளிப்பு இல்லை, இனிப்பு இல்லை, கசப்பும் இல்லை. அதைச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. நாற்பத்தாறு வயதுக்கு மேல் வார்த்தை இல்லாத ருசி ஒன்று எனக்குக் கிடைத்தது. போய்த் தலைக்குக் குளித்தேன். மறுபடி தொடவில்லை, தொடுவேன் என்றும் தோன்றவில்லை. ஆனால் அதன் பெயர் என்ன என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

இன்னொரு செய்தி. மே மாதம் திருநெல்வேலி போய்ப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மதுரைக்கு அந்தப் பக்கம் போகாதவள் எதற்கு என்று உன் அண்ணன் கேட்டார். நொய் அம்மாள் உரலை வாங்கிக்கொள்ள வேண்டாமா என்றேன். போன வியாழக்கிழமை விசாரிக்கப் போலீஸ்காரர் வந்தார். தெருவே வாசலில் நின்றது. பிள்ளைகள் யாராவது வெளிநாட்டில் இருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை, நாத்தனார் இருக்கிறாள் என்றேன். கல்யாணமா, வைத்தியமா, பேறுகாலமா என்று வரிசையாகக் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார். சும்மா பாக்கப் போறேன்" என்றேன்.

சொன்னபோது எனக்கே சிரிப்பு வந்தது. காரணம் இல்லாமல் நான் எங்கேயாவது போயிருக்கிறேனா? கோயில் என்றால் நேர்ச்சை, அம்மா வீடு என்றால் விசேஷம், திருநெல்வேலி என்றால் ஆஸ்பத்திரி. போலீஸ்காரர் பேனாவைப் பிடித்தபடி கொஞ்சம் யோசித்தார். பிறகு எதையோ எழுதிக்கொண்டு போனார்.

நான் ஊரில் இல்லாத பத்து நாளைச் சமாளிக்க உன் அண்ணன் ரசம் வைக்கக் கற்றுக்கொள்கிறார். மாமா நாற்காலியில் இருந்தபடி குற்றம் சொல்கிறார்.

பாஸ்போர்ட் வந்ததும் அக்டோபருக்கு விமானச் சீட்டுப் போடலாம் என்று இருக்கிறேன். அங்கே அப்போது மழை இருக்குமா? சந்தை எத்தனை மணிக்குக் கூடும்? செருப்பு எப்படிப்பட்டது வேண்டும்? எல்லாவற்றையும் விவரமாக எழுது.

உன் மைனி
சித்ரலேகா